ஈ முட்டைக்குத் தலைப்பக்கம்

முந்திரிக்கொத்துப் பலகார டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லீதியாளுக்கு, எழுந்து வெளியே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் அதைப் பார்க்கத்தான் எப்சியின் அப்பா ஏற்கெனவே வாசலில் போய் நிற்கிறார், பெரிய ஆட்கள் சாப்பிடுகிற சாப்பாடு, ஆறிவிடக்கூடாது என்று காலையிலிருந்து அவருக்கு அதே கவலை. அதுவுமில்லாமல் இவள் எழுந்தால் பக்கத்து நாற்காலியில் இருக்கிற தங்கபுஷ்பம் அக்காவும் கூடவே எழுந்து வருவாள். வந்தால் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பதே மேல். மேடையில் எப்சி கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள், நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, காலையில் இவள்தான் மடிப்பு எடுத்துக் குத்திவிட்டாள், பின்னை வாயில் கடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தபோது எப்சி இவள் தலையைத் தொட்டு, ஏம்மா இத்தனை பின் குத்துறே, எனக்குத்தானே வைவா, உனக்கா என்று சிரித்தாள். இத்தனை வருஷம் படித்ததை எல்லார் முன்னாலும் நின்று சொல்லி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் டாக்டர் எப்சிபா ஆகிவிடுவாள். இதற்காகத்தானே அத்தனை உபவாசம், அத்தனை கண்ணீர். இந்த நாளைக் காட்டும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று கேட்ட நாள் வந்து முன்னால் நிற்கும்போது, இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஒரு தாய்க்குத் தோன்றுமா. தோன்றுகிறதே. டின்னின் மூடி ஏசிக் குளிரில் சில்லென்றிருந்தது, அதன் மேல் வைத்த கை மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. புஷ்பக்காவை யார் கூப்பிட்டது. யாரும் கூப்பிடவில்லை. நேற்றுச் சாயந்தரம் தானாக வந்து, ஏட்டி லீதி, நாளைக்கு நானும் வாறேன், பாப்பா பேசுறத என் காதால கேக்கணும் என்று நின்றாள். வேன் நிறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய். ஆனால் பொய் சொல்ல வராதவளா லீதியாள்.

முன் வரிசையில் இருந்த நரைத்த தலைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர்தான் எப்சியின் பேராசிரியர், வைகுண்டம் சார், வீட்டில் எப்சி அவரைத் திட்டிக்கொண்டே மரியாதை வைத்திருப்பவர். "வீட்டுக்காரங்கள்லாம் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க. இங்கிலீஷ்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நீ என்ன பண்ணினேன்னு அவங்களுக்குக் கொஞ்சம் தமிழ்ல சொல்லிடும்மா" என்றார். இங்கிலீஷ்தான் லீதியாளின் கடைசி நம்பிக்கை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இங்கிலீஷில் போய்விடும், புஷ்பக்கா பாதியில் தூங்கிவிடுவாள், கைதட்டும்போது விழித்துக்கொண்டு தானும் தட்டுவாள், பிறகு பிரியாணி, பிறகு வேன், பிறகு பாளையங்கோட்டை, எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் ராத்திரி முழுக்கத் தேற்றிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு படம் வந்தது. சம்பா அரிசி மாதிரி, ஒரு முனையில் மட்டும் இரண்டு மெல்லிய நூல் நீட்டிக்கொண்டு. "இது பழ ஈயோட முட்டை" என்றாள் எப்சி. சொல்லிவிட்டாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஈ. அந்த ஓரெழுத்தைத்தானே லீதியாளால் சொல்ல முடியாமல் போனது. அன்றைக்குச் சபைக் கூட்டத்தில் மைக்கின் முன்னால் நின்றபோது நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு, உள்ளே போன எழுத்து. புஷ்பக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் முழங்கையைப் பார்த்தாள். முழங்கை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது இவள் விலாவில் வந்து இடித்தது. "ஏட்டி, இந்த ஈ முட்டையிலேருந்துதான் அந்த மருந்த எடுக்காளோ?" என்று காதோடு கேட்டாள் புஷ்பக்கா. "தேனீகிட்டேருந்து தேன் எடுக்கலியா, அது மாதிரி." லீதியாள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினாள். அப்படி ஆட்ட எங்கே கற்றுக்கொண்டோம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புரியாமல் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விடலாம். பத்தாவதோடு நின்றவள், பிள்ளை சொன்னது தலையில் ஏறவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று ஆண்டவரும் மன்னிப்பார். ஆனால் புரிந்ததே. எப்சி அடுக்களையில் வைத்துச் சொன்னாளே. இவள் எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் கீறிக்கொண்டிருந்தாள், அவள் ஒரு காயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா, இதுல எது தலை எது அடின்னு எப்படிச் சொல்லுவே என்றாள். காம்பு இருக்கிறது தலைப்பக்கம், இது தெரியாதாட்டி. அது உனக்குத் தெரியும், காய்க்கு எப்படித் தெரியும், பிஞ்சுக்கு முன்னால பூவா இருந்தப்போ எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, ஈ முட்டைக்கும் அதுதான் கேள்வி என்றாள். ஒரு துளி. அந்தத் துளியில் எந்த முனை தலையாகணும், எந்த முனை வாலாகணும், குஞ்சு உருவாகுறதுக்கு முந்தியே எழுதி வைத்தாகிவிடுகிறது. எழுதி வைப்பது அம்மா ஈ. முட்டை அவள் வயிற்றில் இருக்கும்போதே அதற்குள் துண்டுச் சீட்டு மாதிரிச் செய்திகளை அனுப்பிவிடுகிறாள், தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. செய்தியைப் படித்தால்தான் அதில் சொல்லியிருக்கிற புரதம் உண்டாகும், அந்தப் படிக்கிற வேலைக்கு எங்களுக்குள்ள மொழிபெயர்ப்புன்னு பேரு, என்றாள். வாலுக்கான செய்தி தலைப்பக்கம் வழியாகத்தான் உள்ளே வரும், அங்கேயிருந்து கடைசி முனை வரைக்கும் போய்ச் சேரணும். போகிற வழியில் அதை யாரும் படித்துவிடக்கூடாது. அதனால் ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கூடப் போகும், வாயைப் பொத்திக்கொண்டு போகிற மாதிரி. கடைசி முனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடி விடும். லீதியாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வழியிலேயே பிடி விட்டுட்டா என்று கேட்டாள். எப்சி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள், சந்தோஷமாக, அப்படி ஒரு பார்வை அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது. கரெக்ட்டு, அதைத்தான் நான் பண்ணிப் பார்க்கிறேன் என்றாள். அந்த நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இவள், இது ஜெபம் மாதிரியில்ல இருக்குட்டி, ஏற்ற வேளை வரைக்கும் ஆண்டவர் பதிலைப் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி என்று ஆரம்பித்தாள். எப்சி கத்திரிக்காயைத் தண்ணீரில் திரும்பப் போட்டாள். எல்லாத்தையும் பிரசங்கமாக்காதேம்மா. ஈயை ஈயா இருக்க விடு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். ஈயை ஈயாக இருக்க விடு. அதைத்தான் விடவில்லை.

இருந்தாலும் அந்த வார்த்தைக்கு ஏன் அவ்வளவு கூச்சம் என்று கேட்டால், கொழுந்தன் மகள் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது அது. எப்சி என்ன செய்யுதா என்று யாரோ கேட்க, ஈயைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதா என்று லீதியாள் அப்போது நேராகத்தான் சொன்னாள். எதிர் இலையில் இருந்த கொழுந்தன், பாயசத்தை வழித்தபடியே, "அப்ப இம்புட்டு வருசமா அங்க உக்காந்து ஈ ஓட்டுதான்னு சொல்லுங்க மைனி" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. கனடாவில் மகன் இருக்கிறவள் சிரித்தாள், மகன் இல்லாதவளும் சிரித்தாள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஊர் வாய். லீதியாளும் சிரித்தாள். அதுதான் முள். சிரித்துவிட்டு நிமிர்ந்தபோது எப்சி தண்ணீர் ஜக்கோடு இரண்டு இலை தள்ளி நின்றாள். கேட்டாளா, கேட்கவில்லையா, இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால், அம்மா சிரித்ததையும் பார்த்தாளா. இரண்டு இலை. பந்திச் சத்தம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அவள் வீட்டில் ஈ பேச்சை எடுக்கவில்லை. தானாகத்தான் இவள் ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது. அப்படி ஒட்டுக்கேட்டதில்தான் அந்த புரூனோ வந்து சேர்ந்தான். மொட்டைமாடியில் போனில் எப்சி, புரூனோ இல்லாட்டி எல்லாமே கெட்டுப்போகுதுப்பா, புரூனோ விட்டுட்டா அவ்வளவுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் உலர்ந்த துணிகளோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த ஊர்ப் பையனோ, கைவிடப் பார்க்கிறானோ, பேரைப் பார்த்தால் நம்ம சபைதான் போல, அந்த மட்டும் ஸ்தோத்திரம் என்று ஒரு மாசம் அவனுக்காக உபவாசமிருந்து ஜெபித்தாள். கத்திரிக்காய் நாளில்தான் தெரிந்தது, அந்தச் செய்தியின் வாயைப் பொத்திக்கொண்டு போகிற புரதத்துக்குப் பெயர் புரூனோ என்று. எப்சி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அம்மா நீ ஒரு புரதத்துக்காகவா உபவாசம் இருந்தே என்றாள். இப்போது திரையில் அதே பெயர் வந்தபோது எப்சி ஒரு நொடி இவளைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள், இருவருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு. லீதியாள் குனிந்து டின் மூடியைத் துடைத்தாள். இப்படிச் சிரிக்கிற பிள்ளையின் படிப்பையா மாற்றிச் சொன்னாள். பக்கத்தில் புஷ்பக்கா, "பாப்பா என்னமாப் பேசுதா, நம்ம சங்கத்துல நீ அன்னைக்கிப் பேசினியே, அப்படியே உன் வாக்கு" என்றாள்.

சங்கத்தில் பேசியது. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்தாள், வழுக்கிக்கொண்டு போய் அங்கேயே நிற்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில், மின்விசிறி கரகரவென்று. ஆண்டவர் செஞ்ச நன்மைக்கு யாருக்குச் சாட்சி சொல்ல இருக்கோ வாங்க என்றார் போதகர் வீட்டு ஐயரம்மா. எப்சி ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நன்றி சொல்லத்தான் எழுந்து போனாள், ஆண்டவருக்குத் தெரியும், வேறு நினைப்பு இல்லை. மைக்கைப் பிடித்தாள். என் மகள் இத்தனை வருஷமாக என்று ஆரம்பித்ததும் பந்தி வந்து கண்முன் விரிந்துவிட்டது, கொழுந்தனின் பாயசக் கை, சிரிக்கிற பல் வரிசை. ஈ என்று சொன்னால் இங்கேயும் யாராவது களுக்கென்று சிரிப்பார்கள். கோயில் ஹாலில், சாட்சி நேரத்தில், சிரிப்பு. நாக்கு அந்த எழுத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டது. முட்டை என்றும் சொல்லவில்லை. கரு என்றாள். கரு உருவாகுறதப் பத்தி. அது பொய் இல்லையே என்று உள்ளே ஒன்று சொன்னது. கருவில தலை எப்படி உருவாகுது, அது ஏன் கோணிப் போகுதுன்னு என் மகள் கண்டுபிடிச்சிருக்கா. அதுவும் முழுப் பொய் இல்லையே. முன் பெஞ்சில் ஒரு விசும்பல் கேட்டது, கூட்டம் ஸ்தோத்திரம் என்றது, அந்த ஸ்தோத்திரம் அலை மாதிரி வந்து இவளைத் தூக்கியது, தூக்கிய உயரத்தில் நின்று இவள் சொன்னாள், "இனிமே பச்சப் பிள்ளைங்க அப்படிப் பிறக்காம இருக்க வழி உண்டாச்சு." விசும்பியது புஷ்பக்கா. அவள் மகன் வீட்டுக்காரி சுகந்திக்கு முதல் பிள்ளை தலை உருவாகாமல் பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அது லீதியாளுக்குத் தெரியாதா. அடக்கத்துக்குப் போய் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள்தானே. மைக்கைப் பிடித்திருந்தபோது தெரியாமலா போயிற்று. தெரிந்துதான் இருந்தது, அந்த அழுகை இனித்தது. ஆண்டவரே, அதுதான் சொல்ல முடியாதது, அந்த விசும்பல் காதில் விழுந்தபோது எனக்கு இனித்தது. பிறகு வழி என்பது மருந்து ஆகி, மருந்து ஊசி ஆகி, சபை முழுக்கச் சுற்றி வந்து, என்ன மருந்து லீதி என்று கேட்டவர்களிடம் இவள் அப்படியும் இப்படியுமாகத் தலையை ஆட்டினாள். இன்றைக்கு ஆட்டின அதே ஆட்டு.

எப்சி இங்கிலீஷுக்குப் போய்விட்டாள். கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. குறுக்கே ஒரு சிறு பூச்சி பறந்து வந்து டின் மூடியில் உட்கார்ந்தது, எள்ளளவுதான் இருக்கும், உற்றுப் பார்த்தால் கண் மட்டும் சிவப்பு. வெல்லப் பாகு வாசம் இழுத்திருக்கும். பக்கத்து அறையில்தான் இவற்றைப் பருத்தி அடைத்த குப்பிகளில் வளர்க்கிறார்கள், காலையில் எப்சி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள், கனிந்து வெடித்த வாழைப்பழ வாசம், வரிசை வரிசையாகக் குப்பிகள், மயங்கிக் கிடந்த ஈக்களை ஒரு தூரிகையால் ஆண் தனி பெண் தனியாக அவள் ஒதுக்கிய நேர்த்தியைப் பார்த்தபோது, முறத்தில் அரிசிக் கல் பொறுக்குகிற தன் கை ஞாபகம் வந்தது இவளுக்கு. புஷ்பக்கா அடிக்கக் கை ஓங்கினாள், லீதியாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை புஷ்பக்கா விடவில்லை, வேறு விதமாக எடுத்துக்கொண்டு, இன்னொரு கையையும் மேலே வைத்து, குனிந்து சொன்னாள். "லீதி, உங்கிட்ட மட்டும் சொல்லுதேன். சுகந்தி மறுபடியும் முழுகாம இருக்கா." லீதியாளின் உள்ளங்கை அவள் கைக்குள் கிடந்தது. "ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டேங்கா. ஸ்கேன் பெட்டியப் பாத்தாலே நடுங்குதா, போன தடவ அதுலதான சொன்னாவ. பாப்பா மருந்து வரட்டும், வந்தப் பொறவு போறேன் அத்தேங்கா. நானும் சரின்னுட்டேன். அதான் வந்தேன், நேராக் கேட்டுட்டுப் போயிருவோம்ன்னு." கேட்டுட்டுப் போயிருவோம். கை மேல் கை, வளையல் சில்லிப்பு, முழுகாமல் இருக்கிற பெண் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இவள் வாயிலிருந்து வந்த ஒரு ஊசிக்காகக் காத்திருக்கிறாள். இப்போதே சொல்லிவிடு. இந்தக் கை பிடித்திருக்கும்போதே சொல்லிவிடு. அக்கா, மருந்து இல்லை. மூன்றே சொல். ஆண்டவரே இங்கே கரண்டு போகட்டும் என்று ஜெபித்தாள், இத்தனை வயதுக்கு இதுவா ஜெபம், அது கேட்கப்படவும் இல்லை, விளக்கு பளிச்சென்றே எரிந்தது. திரையில் அடுத்த படம் வந்தது. எப்சி மறுபடியும் தமிழுக்கு வந்து, இதை மட்டும் வீட்டு ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறேன் சார் என்றாள். "பிடிச்சிருக்கிற புரதம் ஒட்டவேண்டிய இடத்தை அழிச்சிட்டோம்னா, வாலுக்கான செய்தி தலைப்பக்கத்திலேயே படிக்கப்பட்டுடும். அப்ப இப்படி ஆகும்." படத்தில் ஒரு புழு. தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. அங்கேயும் வால். இரண்டு பக்கமும் வால். புஷ்பக்காவின் கை இறுகியது. "இதுல முக்கியமானது என்னன்னா, குஞ்சுகிட்ட ஒரு குறையும் இல்லை. தப்பு தாய்கிட்ட. தாய் ஈயைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும், பறக்கும், முட்டையும் போடும். போட்ட முட்டையிலதான் தெரியவரும்." தாயிடம் தப்பு. எப்சி இவளைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னாள், அது ஈக்குத்தான், ஈயை ஈயாக இருக்க விடு என்று லீதியாள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், முகம் மட்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. பக்கத்தில் புஷ்பக்கா வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருந்தாள். மிக மெதுவாக, தனக்குத்தானே போல, "அப்ப சுகந்திமேலதான் குத்தமா" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள், தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டிவரும்.

பெரியவர்கள் கேள்வி கேட்டார்கள். எப்சி பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு, அது எனக்குத் தெரியவில்லை சார் என்றாள், அதைச் சொல்ல அவள் கூசவில்லை, கேட்டவர் நல்லது என்பது போலத் தலையசைத்தார். தெரியாது என்று சொல்லி ஒருத்தி மேடையில் நிமிர்ந்து நிற்க முடியுமா. அந்த நிமிர்வை யாரிடம் வாங்கினாள் இவள். பிறகு வைகுண்டம் சார் திரும்பி, பொதுமக்கள் யாரும் கேட்கலாம், இது பொது வைவாதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த சிரிப்பு. லீதியாளின் கையிலிருந்து புஷ்பக்காவின் கை கழன்றது. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்றாள், கோயிலில் எழுந்து நிற்கிற மாதிரியே, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஏ பாப்பா, நான் பெரியம்மா பேசுதேன். நல்லாப் பேசின. எனக்கு ஒண்ணே ஒண்ணு. பிள்ளைக தலை கோணாமப் பிறக்க நீ கண்டுபிடிச்ச மருந்து, உங்க அம்மா சாட்சி சொன்னாளே, அது எப்ப கைக்கு வரும்? வீட்டுல ஒரு பிள்ளத்தாச்சிக்கு அவசரமா வேணும்." ஹாலில் ஒருவர் லேசாகச் சிரித்தார், அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. எப்சி முதலில் புஷ்பக்காவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். நீண்ட பார்வை இல்லை. படி இறங்குகிறவர்கள் அடுத்த படி எங்கே என்று பார்ப்பார்களே, அவ்வளவுதான். அதிலேயே எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று லீதியாளுக்குத் தெரிந்தது, கோயில் ஹால், மைக், பந்தி, தண்ணீர் ஜக்கு, எல்லாம். டின்னின் விளிம்பு உள்ளங்கையை வெட்டியது. எப்சி மேடையிலிருந்து இறங்கி புஷ்பக்காவின் வரிசை வரைக்கும் வந்தாள், கையில் மைக் இல்லாமல். "பெரியம்மா, மருந்து எதுவும் இல்லை. நான் பார்த்தது ஈயோட முட்டையை மட்டும்தான். ஈயில தாய்கிட்ட தப்புன்னு சொன்னதும் ஈக்குத்தான், மனுஷங்களுக்கு அது அப்படியில்லை, சுகந்தியக்காமேல ஒரு தப்பும் கிடையாது, அவங்ககிட்ட அதை மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஆஸ்பத்திரியில ஃபோலிக் மாத்திரை குடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. தள்ளிப்போடாதீங்க." லீதியாளின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அம்மாவுக்கு நான்தான் சரியா விளக்கிச் சொல்லலை. அது என் தப்பு." வைகுண்டம் சார் தொண்டையைக் கனைத்தார். எப்சி மேடைக்குத் திரும்பிப் போனாள், இரண்டு நூல் நீட்டிய அரிசி மணி கடைசிப் படமாக மறுபடியும் திரையில் நின்றது.

என் தப்பு என்றாளே. கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு காம்பைத் தொட்டுத் தொட்டுச் சொன்னவள், கரெக்ட்டு என்று கண் மின்னியவள், சரியாக விளக்கவில்லை என்றாளே. அவள் திட்டியிருந்தால், அம்மா பொய் சொல்லிட்டாங்க என்று மைக்கில் சொல்லியிருந்தால், லீதியாள் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டு எங்காவது மூலையில் அழுதிருப்பாள். இது அப்படி வாங்கிக்கொள்ளக்கூடிய பொருளாக இல்லை. பெரியவர்கள் உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள், பட்டம் கொடுக்கப் பரிந்துரைக்கிறோம் என்று ஒருவர் வாசித்தார், எல்லாரும் எழுந்து தட்டினார்கள், வாசலிலிருந்து எப்சியின் அப்பா ஓடிவந்து யாரிடமோ, முடிஞ்சிட்டா, முடிஞ்சிட்டா என்றார். லீதியாளும் எழுந்து தட்டினாள், டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்ட நாள், கேட்ட பதில், ஸ்தோத்திரம் என்ற சொல் மட்டும் வரவில்லை. புஷ்பக்கா எழவில்லை. காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே, தோற்றுப்போனவள் மாதிரி இல்லை, பேருந்துக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "பாப்பாமேல என்ன இருக்கு, விடு" என்றாள் திரையைப் பார்த்துக்கொண்டே. "படிச்ச பிள்ளைக பேசுறது நமக்கு எங்க வெளங்குது. நீ என்ன செய்வ, உனக்கு வெளங்கினதத்தான சொல்லுவ." தப்பிக்கக் கதவு திறந்திருந்தது. எப்சி திறந்துவிட்டுப் போன கதவு, புஷ்பக்காவே அதை இன்னும் அகலமாகத் தள்ளிப் பிடிக்கிறாள், தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், வெளியே பிரியாணி, வேன், வீடு. லீதியாளின் தலை அந்த ஆட்டுக்குப் பழகியிருந்தது, ஆரம்பித்தும்விட்டது. அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. அவ வெவரமாத்தான் சொன்னா. எனக்கு வெளங்கித்தான் இருந்துச்சு. ஈன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

புஷ்பக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பாதிப் பாதியாகப் பிடித்துக்கொண்டு பாடின முகம், அதில் இப்போது லீதியாளுக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. "ஈன்னு சொல்ல" என்றாள் புஷ்பக்கா. பிறகு குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "அப்ப நீயே வந்து சுகந்திகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். எனக்கு வாயி வராது." "வாறேன்க்கா." "இன்னைக்கே வா. வேன்லேருந்து எறங்கின கையோட." "வாறேன்." புஷ்பக்கா முன்னால் நடந்தாள், காத்திருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் எப்சி மாலையோ பொன்னாடையோ ஏதோ தோளில் கிடக்க நின்றுகொண்டிருந்தாள், சுற்றிலும் கூட்டம், அந்தக் கூட்டத்தின் மேலாக இவளைப் பார்த்தாள். லீதியாள் டின்னைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் மகள் வாயில் வைத்தாள், சொல்ல வேண்டியதைச் சொல்ல இது இடமில்லை, ஆனால் சொல்லாமல் வேனில் ஏறவும் முடியாது. "அந்தக் கல்யாணப் பந்தியில நானும் சிரிச்சேன்" என்றாள். எப்சி மெல்வதை நிறுத்தினாள். "தெரியும்மா" என்றாள். தோளில் கிடந்த துணியைச் சரிசெய்துகொண்டாள், யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போனாள். லீதியாள் வாசலுக்கு வந்தபோது வெயிலில் கண் கூசியது. வேனில் புஷ்பக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்திருந்தாள். லீதியாள் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். புஷ்பக்கா தடுக்கவில்லை, திரும்பவுமில்லை. போகிற வழி நீளம். சுகந்தி கதவைத் திறப்பாள், வாங்க சித்தி என்பாள், இவள் கையைப் பார்ப்பாள், ஏதாவது கொண்டுவந்திருக்கிறாளா என்று பார்ப்பாள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் கூட வருகிறேன், ஸ்கேன் பெட்டி பக்கத்திலேயே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முந்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வேன் கிளம்பியது. லீதியாள் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிப் பார்த்தாள்.